பழைய பற்றரியைக் குப்பையில் போடலாமா?

பிரித்தானியாவில் வாழும் எமது வீடுகளில் பாவித்து முடிந்த பற்றரிகள் ஏதாவது ஒரு லாச்சிக்குள் கிடக்கும். கைத்தொலைபேசி, மடிக்கணினி, மின்சாரப் பல்துலக்கி போன்ற சார்ச் செய்யும் பொருட்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. இதைக் குப்பைத் தொட்டியில் போடுவது ஆபத்தானது.

ஏன் ஆபத்து?

வேலை செய்யாத பற்றரியிலும் மின்சக்தி மிச்சம் இருக்கும். குப்பை வண்டி அதை நசுக்கும்போது உள்ளே நேர், மறைத் தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய தாள் கிழிந்து, பற்றரி சூடேறித் தீப்பிடிக்கலாம். அந்தப் புகையில் ஹைதரசன் புளோரைட் என்ற நச்சு வாயுவும் இருக்கும். அது கண்களையும் நுரையீரலையும் பாதிக்கும். முதலில் பாதிக்கப்படுபவர்கள் குப்பை அள்ளும் தொழிலாளர்களே.

மீள்சுழற்சி எப்படி நடக்கிறது?

சேகரித்த பற்றரிகளை முதலில் வகை பிரிப்பார்கள். பல ஆலைகளில் எஞ்சிய மின்சக்தியை இறக்கிய பின், தீப்பிடிக்காதபடி நைதரசன் போன்ற வாயு நிரப்பிய இயந்திரத்தில் அரைப்பார்கள். செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஆகியவற்றை நீக்கியதும் ஒரு கரிய தூள் மிஞ்சும். லித்தியம், கோபால்ட், நிக்கல் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் அதில்தான் உள்ளன. தூளை அமிலத்தில் கரைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் மீண்டும் புதிய பற்றரி செய்யலாம். சில ஆலைகளில் பற்றரிகளைச் சூளையில் உருக்கியும் உலோகம் எடுக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பற்றரி விற்கும் கடைகள், பழையவற்றை இலவசமாக ஏற்க வேண்டும் என்பது 2010 பெப்ரவரி முதல் சட்டம். அங்கு நீங்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை.

2. கொடுக்கும் முன் பற்றரியின் முனைகளில் செலோரேப் ஒட்டுங்கள்.

3. பற்றரியைக் கழற்ற முடியாத பொருளை உடைக்க வேண்டாம். முழுதாகவே கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

4. வீங்கிய பற்றரியைச் சார்ச் செய்யவோ குத்தவோ கூடாது. கவுன்சிலிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

5. சட்டைப் பொத்தான் போன்ற சிறிய வட்டப் பற்றரிகளைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பாவித்து முடிந்ததும் கூட ஆபத்தானதே. தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, லாச்சியில் கிடக்கும் பற்றரிகளையும் கையோடு கொண்டு போங்கள்.