பிஞ்சு நுரையீரல் சுருங்கினால்...

“குழந்தை அழுதுச்சா டாக்டர்?”

பிரசவ அறை வாசலில் காத்திருக்கும் பாட்டி கேட்கிற முதல் கேள்வி இதுதான். அந்தக் கேள்வியில் ஒரு பெரிய வைத்திய உண்மை இருக்கிறது.

கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான் நிரம்பியிருக்கும். பிறந்து வீறிட்டு அழும்போதுதான் உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் விரிகின்றன. புது பலூனை முதல் தடவை ஊதும்போது எத்தனை சிரமப்படுகிறோம்! அதுபோலத்தான் இதுவும். சில பைகள் விரியாமல் ஒட்டிக்கொண்டால், பக்கத்துப் பைகள் அளவுக்கு மேல் உப்பி உடைந்துவிடலாம். கசிந்த காற்று நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே தேங்கி, நுரையீரலை அமுக்கிச் சுருக்கிவிடும். இதற்குப் பெயர் ‘நியூமோதொராக்ஸ்’.

உடனே பயந்துவிடாதீர்கள். நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு இது வரலாம். அதில் பலருக்கு அறிகுறியே இல்லாமல் தானாகச் சரியாகிவிடும்.

யாருக்கு அதிக வாய்ப்பு?

* குறைமாதக் குழந்தைகள். காற்றுப் பைகள் ஒட்டாமல் காக்கும் ‘சர்ஃபாக்டன்ட்’ என்ற வழவழப்பான பொருள் இவர்களுக்குப் போதுமான அளவு சுரந்திருக்காது.
* வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து, அது மூச்சுக்குழாயில் போய்விட்ட குழந்தைகள்.
* பிறந்ததும் மூச்சு விடாததால் காற்று செலுத்தப்பட்டவர்கள், வென்டிலேட்டரில் இருப்பவர்கள்.
* நிமோனியா கண்ட குழந்தைகள்.
* வலி வருவதற்கு முன்பே சிசேரியனில் எடுக்கப்பட்டவர்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘நல்ல நட்சத்திரம்’ என்று நாள் குறித்து, 39 வாரம் முடியும் முன்பே ஆபரேஷன் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் அவசரப்படுத்தினால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஜாதகம் நல்லா இருக்கணும்னா முதலில் மூச்சு நல்லா இருக்கணும் இல்லையா?

1963-ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். நுரையீரல் முதிராததால் இரண்டு நாள்கூட உயிரோடு இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு. குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ‘ஸ்டீராய்டா, வேண்டாம்’ என்று மறுத்துவிடாதீர்கள். தேவைப்பட்டால், பிறந்த பிறகு சர்ஃபாக்டன்ட் மருந்தையும் நேரடியாகக் குழந்தையின் நுரையீரலுக்குள் செலுத்துகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குழந்தை அமைதியாக இருக்கும்போது மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். 60-க்கு மேல் போகிறதா? மூக்கு விடைக்கிறதா? முனகுகிறதா? விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா? பால் குடிக்க முடியாமல் திணறுகிறதா? நாக்கும் உதடும் நீலமாகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். (பிறந்த புதிதில் கை, கால் மட்டும் லேசாக நீலமாக இருப்பது சகஜம்.)

டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அவசரத்தில் அறையை இருட்டாக்கி, மார்பில் விளக்கொளி பாய்ச்சியும் கண்டுபிடிப்பார்கள். கசிவு கொஞ்சமாக இருந்தால் கண்காணிப்பும் ஆக்சிஜனும் போதும். அதிகமாக இருந்தால் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியோ குழாயோ செலுத்திக் காற்றை வெளியேற்றுவார்கள். பார்க்கும் பெற்றோருக்கு மனசு பதறும்தான். ஆனால் காற்று வெளியேறினால்தான் நுரையீரல் மறுபடி விரியும். பெரும்பாலான குழந்தைகள் இதிலிருந்து நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: மூச்சு வாங்கும் பச்சைக் குழந்தையை ‘உரம் விழுந்திருக்கு’ என்று புடவையில் போட்டு உருட்டாதீர்கள், மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். சின்ன நுரையீரலுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்!