வெந்த வீடு: இடிப்பதா, பூசி மெழுகுவதா?

*வீடு கட்டுவோர், பழுது பார்ப்போர் கேள்விகளுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் பதில் அளிக்கிறார்.*

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பின்னிரவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறம் தீப்பற்றியது. சமையலறையும் அதை ஒட்டிய ஹாலும் எரிந்துபோயின. அம்மாவும் பிள்ளைகளும் கொல்லைப்புறம் வழியாக வெளியே ஓடிவந்து பிழைத்தார்கள். அப்பா 1989-ல் கட்டிய தளம் போட்ட வீடு. அப்பா இப்போது இல்லை. சுவரும் தளமும் அப்படியே நிற்கின்றன. “கரியைச் சுரண்டிவிட்டு ஒரு பூச்சு பூசி, பெயின்ட் அடித்தால் பத்தே நாளில் குடிபோகலாம்” என்கிறார் கொத்தனார். “தீ தின்ற வீடு ஆகாது, தரைமட்டமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு” என்கிறார் சித்தப்பா. அம்மா வாடகை வீட்டில் ஒரு வாய் சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது, சர்வேயர் ஒருமுறை வந்து போட்டோ எடுத்துப் போனார். நாங்கள் என்ன செய்வது?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எல்லோரும் உயிரோடு வெளியே வந்தீர்களே, சகோதரி, அதுவே பெரிது. மற்றதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

கொத்தனார் சொல்வதும் சித்தப்பா சொல்வதும் எதிரெதிராகத் தோன்றும். ஆனால் பூச்சுக்குள் கான்கிரீட் எப்படி இருக்கிறது, கம்பி எப்படி இருக்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் பூசுவதும் தவறு, பார்க்காமல் இடிப்பதும் தவறு. முதலாவதில் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஆபத்தை மூடி வைக்கிறோம். இரண்டாவதில் அப்பாவின் உழைப்பையும் உங்கள் சேமிப்பையும் சேர்த்துக் குப்பையில் கொட்டுகிறோம்.

முதல் வேலை முட்டுக் கொடுப்பது. ஹாலிலும் சமையலறையிலும் பீமுக்கும் தளத்துக்கும் கீழே ஜாக்கி முட்டு நிறுத்தாமல் ஒரு ஆள்கூட உள்ளே நின்று சுரண்டக் கூடாது. தளம் நிற்கிறது என்கிறீர்கள். வெந்த தளம் பல நாள் நின்றுவிட்டு, பூச்சைத் தட்டும் அதிர்வில் பாளம் பாளமாக விழுவதுண்டு.

அடுத்து, குப்பையை அள்ளும் முன் அந்த அறையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். தீ எவ்வளவு சூடாக எரிந்தது என்பதை எரிந்த பொருள்களே சொல்லும். சீலிங் ஃபேனின் அலுமினிய இறக்கை வளைந்து தொங்குகிறதா, அல்லது உருகிச் சொட்டித் தரையில் வெள்ளிக் கட்டியாக உறைந்திருக்கிறதா? அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அது சொட்டியிருந்தால் தளத்தின் அடிப்பக்கம் அந்தச் சூட்டைக் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சுவிட்ச் பெட்டி இளகியது மட்டும்தான் என்றால் பயப்பட அவ்வளவு இல்லை, அது கொஞ்சச் சூட்டிலேயே இளகிவிடும். சூடு மேலேதான் திரளும் என்பதால் தரையில் கிடக்கும் பாத்திரம் உருகாததை வைத்துத் தளம் தப்பியது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாவற்றையும், எது எங்கே கிடந்தது என்று தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். பொறியாளருக்கும் உதவும், இன்சூரன்ஸுக்கும் உதவும்.

பிறகு பூச்சை முழுவதுமாகத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கொத்தனாரே இதைச் செய்யலாம், பொறியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும். சுத்தியலால் தட்டும்போது நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், வெந்தது பொத்தென்று சத்தம் தரும். நிறத்தையும் பாருங்கள். ஏறக்குறைய 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் பலசமயம் இளஞ்சிவப்பாகத் தெரியும். 600-க்கு மேல் போனால் வெளுத்துச் சாம்பல் பூத்துப்போகும். எந்த ஜல்லி, எந்த மணல் என்பதைப் பொறுத்துச் சிவப்பு தெரியாமலும் போகலாம். ஆகவே நிறம் மாறவில்லை என்பதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. மேற்பூச்சு ஒரு கவசம் மாதிரி நின்றிருந்தால், மிகவும் கறுத்த இடத்தில்கூட உள்ளே கான்கிரீட் நன்றாக இருப்பதைப் பார்க்கலாம். புகை படிந்த அளவும் வெந்த அளவும் ஒன்றல்ல.

பத்து நாளில் பூசிவிடலாம் என்ற பேச்சுக்கு நான் ஒப்பாததற்கு ஒரு காரணம் உண்டு. இறுகிய சிமென்ட்டுக்குள் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 400 டிகிரிக்கு மேல் சூடானால் அது தன்னிடமுள்ள நீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். தீயணைத்த தண்ணீரையும் பிறகு காற்றின் ஈரத்தையும் வாங்கி மெல்ல மெல்ல உப்பும். அதனால் தீ அணைந்த அன்று இல்லாத விரிசல்கள் சில வாரம் கழித்துத் தெரியவரும். அதற்குள் பூசிவிட்டால் அந்த விரிசலை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பூச்சு உப்பிக் கழன்று விழும்போதுதான் தெரியும்.

கம்பியைப் பற்றி. 1989-ல் கட்டிய வீடு என்றால் அநேகமாக முறுக்குக் கம்பி போட்டிருப்பார்கள். அது குளிர்ந்த நிலையில் முறுக்கி வலுவேற்றிய கம்பி. ஏறத்தாழ 450 டிகிரியைத் தாண்டினால் முறுக்கினால் வந்த வலு போய்விடும், ஆறின பிறகும் திரும்பாது. சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி 600 வரை சூடேறி ஆறினாலும் பெரும்பாலும் பழைய வலுவுக்குத் திரும்பிவிடும். ஆகவே உங்கள் தளத்தில் கம்பி வெளியே தெரியும்படி கான்கிரீட் உதிர்ந்த இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கிருந்து ஒரு துண்டு வெட்டி இழுவிசைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எங்கே வெட்டலாம் என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். தளத்தில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் மறைப்பு 15, 20 மில்லிமீட்டர்தான், அக்காலத்து வேலையில் அதுவும் சில இடங்களில் இருக்காது. பீமிலும் பில்லரிலும் மறைப்பு கூடுதல், அதனால் அவை தளத்தைவிட நன்றாகத் தாங்கியிருக்கும்.

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்யச் சோதனைகள் இருக்கின்றன. ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பின் கடினத்தைச் சொல்லும். அல்ட்ராசோனிக் சோதனை உள்ளே விரிசலும் பொக்கையும் உண்டா என்று காட்டும். எரியாத படுக்கையறையிலும் அதே சோதனையைச் செய்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள், அந்த ஒப்பீட்டில்தான் பயன் இருக்கிறது. சந்தேகமான இடத்தில் கோர் (உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு) எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளில் இதையெல்லாம் கட்டணத்துக்குச் செய்து அறிக்கை தருகிறார்கள். பழுது பார்த்து முடித்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பாரச் சோதனை உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி, தளம் தாங்க வேண்டிய நிலைபாரம் முழுவதும், அதோடு பயன்பாட்டுப் பாரத்தில் ஒன்றேகால் மடங்கும் சேர்ந்து வரும்படி மணல் மூட்டை அடுக்கி 24 மணி நேரம் வைப்பார்கள். எடுத்த பிறகு அடுத்த 24 மணி நேரத்துக்குள் தளம் இறங்கியதில் முக்கால்வாசியாவது மேலேறி வர வேண்டும். வந்தால் அதன் கீழே நிம்மதியாகத் தூங்கலாம்.

வெந்த கான்கிரீட்டை நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, வலு இழந்த கம்பிக்குத் துணையாகப் புதுக் கம்பி கட்டி, மைக்ரோ கான்கிரீட்டோ, விசையோடு பீய்ச்சியடிக்கும் கனைட்டோ கொண்டு நிரப்புவதுதான் பழுது. மேலே அப்பும் சாதாரணச் சிமென்ட் கலவை இதற்கு ஆகாது. கம்பி வளைந்து தளம் தொட்டில் போலத் தொங்கிவிட்டால் அந்த ஒரு தளத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சென்ட்ரிங் அடித்துப் போடலாம். ஓரிரு அறை எரிந்த உங்களைப் போன்ற வீடுகளில் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும். முழு வீட்டையும் இடிக்கும் நிலை அபூர்வம்.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இடித்துக் கட்டுவது புதுக் கட்டுமானம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி திட்ட அனுமதி வாங்க வேண்டும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் சீக்கிரம் கிடைக்கும்தான். ஆனால் 1989-ல் சுற்றிலும் விட்ட இடம் இன்றைய விதிக்குப் போதாமல் இருந்தால், புது வீடு பழைய வீட்டைவிடச் சிறுத்துவிடும். அவருக்கு இருக்கும் மனக்கலக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பழுது முடிந்ததும் கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சுங்கள், அது குடும்பத்துக்குத் தெம்பு.

இன்சூரன்ஸ்: சர்வேயருக்குத் தகவல் சொல்லாமல் பூச்சைத் தட்டாதீர்கள், குப்பையை அள்ளாதீர்கள். தட்டும் அன்று அவரையும் வரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், உள்ளே தெரியும் சேதம் அவர் முதலில் எடுத்த போட்டோவில் இருக்காது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தது ‘பாரத் கிருக ரக்ஷா’ பாலிசி என்றால் பொறியாளர் கட்டணத்துக்கு இழப்பீட்டில் 5 சதவீதம் வரையும், குப்பை அகற்ற 2 சதவீதம் வரையும் கேட்கலாம். வீடு வசிக்கத் தகுதியாகும்வரை மாற்று வீட்டு வாடகைக்கும் அதில் இடம் உண்டு. இது பலருக்குத் தெரியாமல், கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தீயணைப்புத் துறையின் சான்றும் காவல் நிலைய ரசீதும் கையில் இருக்கட்டும்.

எரியாத அறைகளிலும் ஒயரிங்கை முழுக்க மாற்றுங்கள், பழையதில் ஒரு அடிகூட விடவேண்டாம். தீ எரியும்போது பி.வி.சி. ஒயரிலிருந்தும் குழாயிலிருந்தும் அமிலப் புகை வந்து கரியோடு சேர்ந்து படிந்திருக்கும். அது இரும்பை அரிக்கும். அந்தக் கரியை ஈரத் துணியால் தேய்த்தால் சுவருக்குள் இறங்கிவிடும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிட்டுப் பிறகு கழுவச் சொல்லுங்கள். புது மெயின் போர்டில், மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள்.

அம்மாவை வேலை நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். முட்டுக் கொடுத்து, குப்பை எடுத்த பிறகு. எந்த அலமாரி எந்தப் பக்கம் வரவேண்டும், சாமி அறைக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வாடகை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவரைத் தின்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக ஓட்டு வீட்டில் பின்கட்டு எரிந்துவிட்டது. தேக்கு விட்டமும் கைமரங்களும் கரியாகி நிற்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்பு டிரஸ் போடச் சொல்கிறார்கள்.
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். கனமான மரம் எரியும்போது மேலே படியும் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகிவிடும். மரவகையைப் பொறுத்து நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில்தான், அதற்கும் குறைவாகவும், கரி உள்ளே இறங்கும். அரைமணி நேரம் எரிந்த விட்டத்தில் ஒரு பக்கம் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் போயிருக்கலாம். கரியை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நல்ல மரத்தை அளந்து, அந்த அளவுக்குப் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒன்பது அங்குல விட்டம் ஏழாகக் குறைந்தாலும் பலசமயம் தாங்கும். மெல்லிய ரீப்பர்கள் தேறாது, மாற்றிவிடுங்கள். கைமரம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. விட்டம் சுவரில் அமரும் முனையையும், ஆணி இறங்கிய இடங்களையும் கூர்ந்து பாருங்கள், சூடு அங்கே உள்ளே இறங்கியிருக்கும்.

உங்கள் வீட்டில் மரத்தைவிடச் சுவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. செங்கல் சூளையில் வெந்த பொருள், தீக்கு அசராது. ஆனால் உள்ளே மண் சாந்து வைத்துக் கட்டியிருந்தால் தீயணைத்த தண்ணீர் ஊறி இளகியிருக்கும். கூரை திறந்து கிடக்கும் இப்போது ஒரு மழை பெய்தால் சுவரே சரியக்கூடும். இன்றைக்கே சுவரின் தலையில் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். பூச்சு வேலை வரும்போது சிமென்ட் வேண்டாம், பழையபடி சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். ஊறிய சுவர் காய வேண்டும், சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

கேள்வி: பீரோவோடு பணமும் பத்திரமும் நகையும் எரிந்தன. ஏதாவது மீளுமா?
— வாசகி, கடலூர்

பதில்: தங்கம் மீளும். அது 1,064 டிகிரியில்தான் உருகும், நகைகள் அதைவிடச் சற்றுக் குறைவில். வீட்டுத் தீயில் நகை பெரும்பாலும் கறுத்துப்போய்ச் சாம்பலில் கிடக்கும். உருகினாலும் கட்டியாகக் கிடக்குமே ஒழியக் காணாமல் போகாது. பீரோ இருந்த இடத்துச் சாம்பலை வெளியே கொட்டவிடாமல், மணல் சல்லடையில் நீங்களே நின்று சலித்தெடுங்கள். கருகிய நோட்டுக் கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள், தொட்டால் நொறுங்கும். அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அப்படியே எடுத்துக்கொண்டு சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போங்கள். மிகவும் கருகிய நோட்டுகளைச் சாதாரண வங்கிக் கிளைகளில் வாங்கமாட்டார்கள். பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

கேள்வி: சிலிண்டர் கசிந்து தீப்பிடித்தால் கேஸ் கம்பெனி இழப்பீடு தருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தரும். எண்ணெய் நிறுவனங்கள் நுகர்வோர் எல்லோருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கின்றன, நீங்கள் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. இறப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியிலுள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. தீக்கு முதற்காரணம் கேஸாக இருக்க வேண்டும். விபத்து நடந்தவுடன் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். வீடு மாறியவர்கள் இணைப்பைப் புது முகவரிக்கு மாற்றாமல் இருந்தால் வீட்டுச் சேதத்துக்கு ஒன்றும் வராது. உங்கள் கேஸ் புத்தகத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.