ஸ்டீயரிங் தண்டுக்குச் சாமான் தேடும் தம்பிகளுக்கு

டெட்ராய்ட்டைச் சுற்றி கார்க் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலருக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய மஸில் கார் மேல் ஆசை வந்துவிடுகிறது. ஷெவெல், கமாரோ, ஜி.டி.ஓ. என்று ஒன்றை வாங்கிக் கராஜில் நிறுத்திவிடுகிறார்கள். என்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் யோசனை சொல்ல ஊரே திரண்டு வரும். ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தண்டைப் பற்றிக் கேட்டால் ஆள் கிடைக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) வண்டிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். என் கை பழகியது அவற்றில்தான்.

1. முதலில் வருஷத்தைப் பிடியுங்கள். "பழைய கமாரோவுக்கு வேணும்" என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டுவார். மோதினால் மடங்கிக்கொள்ளும் தண்டு ஜி.எம். கார்களுக்கு 1967-ல் வந்தது. அதன் வெளிக்குழாயில் ஒரு பகுதி வலை மாதிரி இருக்கும். ஓட்டுபவரின் நெஞ்சு போய் மோதினால் அந்த இடம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். 1969-ல் வலையை விட்டுவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களும் நடுவே எஃகுக் குண்டுகளும் வைத்தார்கள். அதே வருஷம் சாவியும் டாஷ்போர்டை விட்டுத் தண்டுக்கு வந்தது. சாவியை எடுத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். திருட்டுத் தடுப்பு விதி 1970 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது, ஜி.எம். முந்திக்கொண்டது. ஆகவே 1968 கமாரோவும் 1969 கமாரோவும் வெளியே அண்ணன் தம்பியாகத் தெரிந்தாலும் தண்டுத் தலைக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

2. காரின் பெயரைத் தேடாதீர்கள், தண்டைச் செய்த இடத்தைத் தேடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ஜி.எம்.மின் ஸ்டீயரிங் பிரிவு மிச்சிகனில் சாகினா என்ற ஊரில் இருந்தது. ஷெவ்ரோலே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் எல்லாவற்றுக்கும் தண்டு அந்தப் பிரிவிலிருந்துதான் போனது. ஏ.எம்.சி. கார்களுக்கும் ஜீப்புக்கும்கூடக் கொடுத்தார்கள். 1969 முதல் வந்த தண்டுகளில் மேல் பேரிங், லாக் பிளேட், இண்டிகேட்டர் சுவிட்ச், சாவியோடு சுழலும் சின்னப் பல்சக்கரம் போன்ற உள்சாமான்கள் பெரும்பாலும் ஒரே குடும்பம். ஷெவெல்லுக்குக் கிடைக்காதது ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸுக்கு என்று போட்ட பெட்டியில் கிடைக்கும். கமாரோ என்று அட்டையில் அச்சடித்தால் ஒரு விலை, ஷெவி பிக்கப் என்று அச்சடித்தால் வேறு விலை. உள்ளே இருப்பது ஒரே சுவிட்ச்சாக இருக்கும். ரசிகர்களின் ஆசைக்கு வைக்கும் விலை அது, நாம் ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் வெளிச்சாமான் அப்படியில்லை. குழாயின் நீளம், டாஷ்போர்டில் பிடிக்கும் இடம், கியர் கைப்பிடி பொருந்தும் கிண்ணம் எல்லாம் வண்டிக்கு வண்டி வேறு.

3. வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள். சக்கரத்தைச் சாய்த்துக்கொள்ள டில்ட் வைத்த தண்டில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடும். உடனே பயந்துபோய் முழுத் தண்டையும் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பல வண்டிகளில் குற்றம் நான்கு போல்ட்டுகளில்தான் இருக்கிறது. டில்ட் தலையைத் தாங்கும் உள்கூட்டைக் குழாயோடு பிடித்திருப்பவை அவை. சக்கரத்தைப் பிடித்துத் தொங்கியபடி ஆட்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருஷக்கணக்கில் தளர்ந்துபோகும்.

அந்த போல்ட்டுகளைத் தொடப் பொறுமை வேண்டும். சக்கரத்தைப் புல்லர் போட்டு எடுங்கள். அடியில் லாக் பிளேட், அதன் கீழே பலமான ஸ்பிரிங். பிளேட்டை அமுக்கும் கருவியை வாடகைக்கோ இரவலுக்கோ வாங்கி, அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிளேட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளையம் எகிறிக் கண்ணுக்கே வரும். பிறகு இண்டிகேட்டர் சுவிட்ச், சாவி சிலிண்டர், மேல்மூடி. சிலிண்டரை இழுத்து உடைக்காதீர்கள்: 1969 முதல் 1978 வரை வந்தவற்றில் சின்னப் பிளவு ஒன்று இருக்கும், அதற்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சிலிண்டரின் நாக்கை அமுக்கினால் தானாக வெளியே வரும். 1979 முதல் ஸ்க்ரூ வைத்துவிட்டார்கள். டில்ட் தலையின் இரு பக்கத்து ஊசிகளையும் எடுத்துத் தலையைக் கழற்றினால் நான்கு போல்ட்டும் தெரியும். பின்னால் வந்த தண்டுகளில் அவற்றுக்கு நட்சத்திரத் தலை, இ-8 சாக்கெட் தேவை. நான்கையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து லாக்டைட் விட்டு முறுக்குங்கள். முழுத் தண்டுக்குக் கொடுக்க இருந்த காசு அப்படியே மிச்சம்.

4. உள்தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மடங்கும் உள்தண்டு இரண்டு துண்டு. நடுவே உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக் ஆணிகள் பிடித்திருக்கின்றன. விபத்தில் உடைவதற்கென்றே வைத்தவை, உங்கள் அடிக்கும் உடையும்.

5. இண்டிகேட்டர் சுவிட்ச் வாங்கும்போது கனெக்டரை அளந்து பாருங்கள். பிறைநிலா மாதிரி வளைந்த கனெக்டர் அது. 1969-லிருந்து எழுபதுகளின் நடுவரை வந்தது 3⅞ அங்குலம், பிறகு வந்தது 4¼ அங்குலம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றி வாங்கினால் மாட்டாது. பழைய வயரை உருவும்போது அதன் வாலில் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி இழுங்கள். புதியதை உள்ளே இழுத்துக்கொள்ள அதே கம்பி உதவும்.

6. கியர் எங்கே என்று பாருங்கள். தரையில் கியர் வைத்த காரின் தண்டும், தண்டிலேயே கியர் வைத்த காரின் தண்டும் வேறு. 1969 முதல் வந்த ஜி.எம். கார்களில் தரை கியராக இருந்தாலும், கியர்பாக்ஸிலிருந்து தண்டின் அடிக்கு ஒரு இணைப்புக் கம்பி வரும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலும், மேனுவல் என்றால் ரிவர்ஸிலும் போட்டால்தான் சாவி கழலும். முந்தைய சொந்தக்காரர் இந்தக் கம்பியைக் கழற்றி வீசியிருப்பார். சாவி வரவில்லையே என்று சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றுவதற்கு முன் காருக்கு அடியில் படுத்து ஒரு பார்வை பாருங்கள்.

7. எதை ரீப்ரோவாக, அதாவது அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்ததாக, வாங்கலாம்? பேரிங், சுவிட்ச், லாக் பிளேட், சாவி சிலிண்டர், ஹாரன் காண்டாக்ட், அடியில் இருக்கும் ரப்பர் கப்ளிங் எல்லாம் தாராளமாக வாங்கலாம். துத்தநாகக் கலவையில் வார்த்த கியர் கிண்ணத்துக்கு நான் முதலில் அசலைத்தான் தேடுவேன். ரீப்ரோவில் துளை சற்றுத் தள்ளி வந்தால் கைப்பிடி கடைசிவரை ஆடும். குழாயும் உள்தண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. பழையது வாங்கினால் பிளாஸ்டிக் ஆணிகள் முழுசாக இருக்கின்றனவா, நீளம் சர்வீஸ் புத்தகத்தில் போட்டபடி இருக்கிறதா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நீளம் குறைந்திருந்தால் அது ஒரு விபத்தைப் பார்த்த தண்டு.

8. தேடும் இடம். பென்சில்வேனியாவில் கார்லைல் சந்தை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், ஹெர்ஷி சந்தை அக்டோபரிலும் கூடும். 1954-லிருந்து வரும் ஹெமிங்ஸ் பத்திரிகையின் வரி விளம்பரங்களையும் பாருங்கள். சந்தைக்குப் போகும்போது உடைந்த சாமானைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். போட்டோ போதாது, பல் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று சொல்லும் ஆளிடம் மட்டும் வாங்காதீர்கள்.

9. முழுசாகப் புதுத் தண்டே வேண்டும் என்றால் மிச்சிகனில் டெகும்ஸேயில் இடிடிட், ஒஹாயோவில் ஃப்ளேமிங் ரிவர் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. தினமும் ஓட்டும் காருக்குப் போடுங்கள், தப்பில்லை. அசல் என்று சொல்லிக் காட்சிக்கு வைக்கும் காரில் நடுவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

10. ஃபோர்டு, க்ரைஸ்லர் வைத்திருப்பவர்களுக்கு: 1965, 66 மஸ்டாங்கில் தண்டும் ஸ்டீயரிங் பாக்ஸும் ஒரே உருப்படி, ஆகவே பாக்ஸோடு சேர்த்தே யோசியுங்கள். பாரகூடாவுக்கு 1970-ல்தான் தண்டுக்குச் சாவி வந்தது. 1969 சாமான் சேராது.

11. புது ரப்பர் கப்ளிங் போட்டதும் ஹாரன் அடிக்கவில்லை என்றால் ஹாரனைக் குறை சொல்லாதீர்கள். ரப்பர் நடுவே வருவதால் மேல்தண்டுக்கு எர்த் போக கப்ளிங்கில் ஒரு செப்புப் பட்டை வைத்திருப்பார்கள். சில ரீப்ரோவில் அது இருக்காது. சின்ன எர்த் வயர் ஒன்றைக் குறுக்கே போட்டால் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும். ராத்திரி வேலை என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் ஹாரன் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.