வார்ஃபரினும் முருங்கைக்கீரையும்

இதய வால்வு மாற்றியபின் அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். கீரையை அறவே விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை, முருங்கைமரம் தப்பியது. இரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்குவதற்கு வைட்டமின் கே தேவைப்படுகிறது என்பதாலும், அதன் பயன்பாட்டைத் தடுத்தே வார்ஃபரின் செயல்படுகிறது என்பதாலும், அவ்வைட்டமின் மிகுந்த கீரையை ஒரு வாரம் நாள்தோறும் உண்டு மறுவாரம் தொடாமலிருந்தால், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பொது அளவுகோலில் காட்டும் ஐ.என்.ஆர். எண் நிலைகொள்ளாது அலையும். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு கீரை உண்டுவந்தால், பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையின் அளவை அமைத்துவிடுவார். மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளே கீரையைவிடப் பன்மடங்கு அஞ்சத்தக்கவை, ஏனெனில் அவை வார்ஃபரினுடன் சேரும்போது இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு பெருகுகிறது. முந்தைய நாள் மறந்த மாத்திரைக்கு ஈடாக மறுநாள் இரண்டாக விழுங்கவும் கூடாது.