முதிர்ந்த லாவெண்டரிலிருந்து புதுச் செடிகள்

மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்டதும், பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் வயல்வயலாகப் பயிரிடப்படுவதுமான லாவெண்டர், சில ஆண்டுகளில் அடித்தண்டு மரமாகி, நடுப்பகுதி வெறுமையாகி, கிளைகள் பக்கவாட்டில் சரிந்துவிடும் இயல்புடையது. இலையற்ற அந்தப் பழைய தண்டுவரை வெட்டினால் செடி பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது; எனவே கடுங்கவாத்து இதற்குத் தீர்வாகாது.

அத்தகைய செடியைப் பிடுங்கி எறிவதைவிட, மண் அணைத்துப் பதியமிடுவதே, அதாவது கிளையைத் தாய்ச்செடியிலிருந்து பிரிக்காமலேயே வேர்விடச் செய்வதே, உழைப்பு மிகக் குறைந்த வழியாகும். உறைபனி நீங்கி வசந்தம் தொடங்கும்போது, மணலும் தோட்டமண்ணும் கலந்த கலவையைச் செடியின் நடுவில் கொட்டி, கிளை இடுக்குகளில் நன்கு புகுமாறு விரலால் அழுத்தி, பசுமையான நுனிகள் மட்டும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி விடவேண்டும். கோடை முழுவதும் அந்த மண்மேடு முற்றிலும் காய்ந்துவிடாமல் காத்து, மழையில் கரைந்த இடத்தை நிரப்பிவந்தால் போதும். இலையுதிர்காலத்தில் மண்ணை மெல்ல விலக்கி, வேர்பிடித்த கிளைகளைக் கத்தரித்து, நீர் தேங்காத, முழு வெயில் படும் இடத்தில் நடலாம். குளிர் கடுமையான ஊர்களில் அவற்றைத் தொட்டியில் காத்து அடுத்த வசந்தத்தில் நடுவதே பாதுகாப்பானது. விதையிலிருந்து எழும் செடிகள் தாயிலிருந்து வேறுபடக்கூடும். பதியச் செடிகளோ அதே நிறத்தையும் மணத்தையும் அப்படியே கொண்டிருக்கும்.

புதுச் செடிகளும் விரைவில் மரமாகிவிடாதிருக்க, ஆண்டுதோறும் பூத்து முடிந்தவுடன், பசுந்தண்டில் சில இலைகளாவது எஞ்சுமாறு கத்தரிப்பது இன்றியமையாதது. உரத்தைத் தாராளமாக இடவேண்டியதில்லை. மிகையான உரம் பூவைக் குறைத்துத் தண்டையும் நலிவுறச் செய்யும்.