பிழைச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள்!

சீயமங்கலத்தில் இருக்கும் என் அத்தை மகன், கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரமே போன் செய்தான். "அண்ணே, பாப்பா காதுகுத்து போட்டோ இருக்கிற பென் டிரைவைச் செருகினா, பார்மட் பண்ணணும், பண்ணவான்னு கேக்குது. அகராதியில பார்த்தேன், வடிவமைன்னு போட்டிருக்கு. சரின்னு கொடுத்துடவா?"

"வேண்டாம், கேன்சல் கொடு!" என்று கத்திவிட்டேன்.

அகராதி சொன்னது தவறில்லை. கடிதத்தில் எழுத்துக்களை அழகாக அமைப்பதும் பார்மட்தான். டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்வதும் பார்மட்தான். முதலாவதில் எதுவும் அழியாது. இரண்டாவதில் பைல்கள் போய்விடும். எனவே இங்கே "உள்ளதை அழித்து டிஸ்க்கைப் புதிதாக்கு" என்பதே சரியான தமிழ். அவன் கேன்சல் கொடுத்ததால், ரெக்கவரி சாப்ட்வேர் மூலம் பெரும்பாலான படங்களை வேறு டிஸ்க்கில் மீட்டோம்.

பிறகு அவனுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் இது. உங்களுக்கும் பயன்படும்.

1. ஆக்சஸ் இஸ் டினைடு: அணுக அனுமதி இல்லை. பைல் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

2. கரப்டட்: அகராதியில் "ஊழல்" என்றும் இருக்கும்! இங்கே "சிதைந்தது". காப்பி ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்குவதும், திடீர் மின்தடையும் முக்கியக் காரணங்கள்.

3. ரைட் புரொடெக்டட்: எழுதத் தடை. படிக்கலாம், சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. மெமரி கார்டு என்றால் அதன் ஓரத்தில் உள்ள சிறு பூட்டைத் தள்ளிப் பாருங்கள்.

4. பைல் டூ லார்ஜ் ஃபார் தி டெஸ்டினேஷன் பைல் சிஸ்டம்: "இடம் போதவில்லை" என்று பெயர்த்தால் தவறு. பைல் சிஸ்டம் என்பது கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறை. பேட்32 முறையில் ஒரு பைல் 4 ஜிபி அளவை எட்ட முடியாது. 20 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி வீடியோ ஏறாது. உள்ளதை வேறிடத்தில் காப்பி செய்துவிட்டு, எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்திடுங்கள்.

5. நோ சச் பைல் ஆர் டைரக்டரி: லினக்சில் வரும். "அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை." பைல் தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம். லினக்சில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, பெயரைச் சரிபாருங்கள்.

2000-ஆம் ஆண்டை ஒட்டியே தன்னார்வலர்கள் லினக்சின் கே.டி.இ. திரையைத் தமிழாக்கத் தொடங்கினார்கள். டைரக்டரிக்கு "அடைவு", போல்டருக்கு "கோப்புறை" போன்ற சொற்கள் இன்று தமிழ்த் திரைகளில் புழங்குகின்றன. ஆனால் திரை தமிழில் இருந்தாலும், ஆங்கிலத்தில் இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதில் கோளாறு? ஏன் வந்தது? இந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? மூன்றாவதற்கு விடை தெரியாதவரை கேன்சல்தான் உங்கள் நண்பன்.