பில்லுக்குப் பயப்படாமல் போய்வா!

தங்கச்சி, டிக்கெட் போட்டாச்சு, விசா வந்தாச்சு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர், மலேசியா கிளம்புகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். போனுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டதற்கு மட்டும் 'அங்க போய்ப் பாத்துக்கலாம்க்கா' என்றாய். அந்தப் பதில்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. வெளிநாட்டில் போன் செலவைக் குறைக்கிற வேலையில் முக்கால்வாசியை நம் வீட்டு வைஃபையில் உட்கார்ந்தே முடித்துவிட வேண்டும். இறங்கின பிறகு யோசித்தால், யோசிக்கிற நேரத்துக்கும் சேர்த்துக் காசு ஓடும்.

பேசிப் பேசித்தான் பில் ஏறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பேசும்போது நமக்கே ஒரு கணக்கு இருக்கும்; 'ரோமிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுவோம். கைப்பைக்குள் சும்மா கிடக்கிற போனுக்குத்தான் பயப்பட வேண்டும். பகலில் எடுத்த போட்டோவையெல்லாம் கூகுள் போட்டோஸில் ஏற்றும், ஆப்களை அப்டேட் செய்யும், குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிற குட் மார்னிங் வீடியோவை ஒன்றுவிடாமல் இறக்கும். ரோமிங் பேக் எதுவும் போடாத இந்திய சிம்மில் இது நடந்தால், ஒவ்வொரு எம்பிக்கும் காசு. ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: இந்திய சிம் உயிரோடு இருக்கட்டும், ஆனால் ஓடிபிக்கு மட்டும். இன்டர்நெட் எல்லாம் அந்த ஊர் சிம்மில். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழி.

இந்திய சிம்மைக் கழற்றாதே

வங்கி ஓடிபி, கார்டு தேய்த்த மெசேஜ், விமான நேரம் மாறினால் வரும் தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கில் நமக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸுக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. ஆனால் இன்டர்நேஷனல் ரோமிங் சேவை ஆன் ஆகியிருந்தால்தான் அந்த மெசேஜ் வந்து சேரும். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே ஆப்பில் ஆன் செய்துவிட்டு, கஸ்டமர் கேரில் பேசி உறுதிப்படுத்து. அம்மாவுடையது ப்ரீபெய்டு, சில நிறுவனங்களில் ஒரு சின்ன ரோமிங் ரீசார்ஜாவது போட்டால்தான் சேவையே திறக்கும். அங்கே போய் ஆன் செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஆப் ஓடிபி கேட்கும். ரோமிங் இல்லாமல் அந்த ஓடிபி வராது. நடுவில் நீ மாட்டிக்கொள்வாய்.

கஸ்டமர் கேரில் பேசும்போது பேக் விலையை மட்டும் கேட்டுவிட்டு வைக்காதே. ஒருநாள் பேக் என்றால் 24 மணி நேரமா, இல்லை நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுமா? சிங்கப்பூருக்கான பேக் மலேசியாவிலும் செல்லுமா? வழியில் கொழும்பிலோ துபாயிலோ விமானம் மாறினால், அங்கே போனை ஆன் செய்ததும் பேக் தொடங்கிவிடுமா? விமானம் மாறுகிற நாடு பேக்கில் இல்லாமல் போவது நிறைய நடக்கிறது. அந்த மாதிரி இடத்தில் ஃப்ளைட் மோடை எடுக்காமல், விமான நிலைய வைஃபையை மட்டும் போட்டுக்கொள். உன்னுடையது போஸ்ட்பெய்டு, சொல்கிற விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும் என்பதையும் கணக்கில் வை.

அழைப்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதில்தான் குழப்பம் அதிகம். மதுரையிலிருந்து ஒருவர் உன் இந்திய எண்ணுக்குக் கூப்பிட்டால், அந்த அழைப்பு முதலில் இங்கே உன் நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகிறது. இரண்டாவது பாதிக்கான செலவு உன் தலையில். எடுத்துப் பேசினால் காசு, எடுக்காமல் விட்டால் கிடையாது. கடன் வேண்டுமா, பாலிசி வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களிடம் 'ஊர்ல இல்லீங்க' என்று சொல்வதற்குக்கூட ஒரு நிமிஷக் காசு போகும். 'எடுக்காவிட்டால் இந்த எண்ணுக்குத் திருப்பு' என்று கால் ஃபார்வர்டிங் போட்டிருந்தால் இன்னும் மோசம். அழைப்பு சிங்கப்பூர் வரை போய், நீ எடுக்கவில்லை என்று தெரிந்து, மறுபடி இந்தியாவுக்குத் திரும்பும். போன வழிக்கும் வந்த வழிக்கும் உன்னிடமே காசு பிடிக்க இடமிருக்கிறது. வீட்டில் இருக்கும்போதே ##002# என்று டயல் செய். போட்டிருக்கிற ஃபார்வர்டிங் எல்லாம் ஒரேயடியாக ரத்தாகிவிடும். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றால் திருப்பிக் கூப்பிடாதே.

அடுத்து செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய், இந்திய சிம்முக்கு நேரே 'டேட்டா ரோமிங்' ஆஃபில் இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். இரண்டு சிம் போட்ட ஐபோனில் இன்னொரு பொத்தானும் உண்டு, 'அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்று. அது ஆனில் இருந்தால், ஒரு சிம்மில் சிக்னல் குறையும்போது போன் மற்ற சிம்மின் டேட்டாவுக்குத் தாவலாம். அதையும் அணைத்துவிடு.

அந்த ஊர் சிம், இ-சிம்

போனில் *#06# என்று அடி. வருகிற திரையில் ஐஎம்இஐ எண்களோடு 'இஐடி' என்று ஒரு நீளமான எண் தெரிந்தால், உன் போன் இ-சிம் ஏற்கும். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ் மாடலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. உன் வீட்டுக்காரர் வைத்திருப்பது அமெரிக்காவிலிருந்து வந்த போன் என்றாயே, அதை முதலில் பார்க்க வேண்டும். அங்கே தவணையில் வாங்கின போன்கள் பெரும்பாலும் அதைத் தந்த தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கும். வேறு சிம் போட்டால் வேலை செய்யாது. ஐபோன் என்றால், செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் என்று போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை.

இ-சிம்மை இங்கிருந்தே வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம். அனுமதி பெற்ற நிறுவனமா என்று மட்டும் பார். தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை என்று 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டு செயலிகள் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டன. பணத்தைக் கட்டிவிட்டு அங்கே போய்த் தவிக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், சிங்கப்பூருக்கு அங்கேயே வாங்குவதுதான் நிம்மதி. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றுமே சுற்றுலாப் பயணிகளுக்கென்று சிம் விற்கின்றன. சாங்கி விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்திலேயே கிடைக்கும், ஊருக்குள் செவன்-இலெவன் கடைகளிலும் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள். பதிவு செய்யாமல் தரமாட்டார்கள். சில சிம்களில் மலேசியாவுக்கும் சேர்த்தே டேட்டா இருக்கும். உன் பயணத்துக்கு அதுதான் வேண்டும், கேட்டு வாங்கு. இல்லையென்றால் மலேசியாவில் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல் எதையாவது வாங்கலாம். எங்கே வாங்கினாலும் கடைக்காரர் முன்னாலேயே ஒரு வாட்ஸ்அப் கால் போட்டுப் பார்த்துவிட்டு நகரு.

ஒரே சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டு மூன்று பேரும் ஓட்டலாமே என்று கேட்பாய். ஓட்டலாம், உன் வீட்டுக்காரரும் நீயும் சேர்ந்தே சுற்றுவீர்கள். ஆனால் அம்மாவுக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடு, குறைந்த விலையில் இருந்தால் போதும். முஸ்தஃபா சென்டருக்குள் நீங்கள் ஒரு மாடி, அம்மா ஒரு மாடி என்று பிரிந்தால் ஹாட்ஸ்பாட் கூட வராது. அம்மாவின் போனில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மொத்தமே இரண்டு நாள் வேலையாகப் போகிறவர்களுக்கு இந்த சிம் வேட்டை தேவையில்லை, இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும். அதற்கு மேல் தங்கினால் உள்ளூர் சிம்தான் பெரும்பாலும் மலிவு.

வாட்ஸ்அப்பும் மேப்பும்

புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல். பழைய எண்ணிலேயே அது ஓடும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில், மொபைல் டேட்டாவில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை நிறுத்து. 'யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்' என்பதை ஆன் செய். பேக்கப்பை வைஃபையில் மட்டும் என்று வை. வீடியோ கால் எல்லாம் ஹோட்டல் வைஃபைக்கு வந்த பிறகு. போனில் இருக்கிற நம் ஊர் எண்களை +91 சேர்த்துச் சேமித்துவிடு; அங்கே இருந்து வெறும் பத்து இலக்கத்தை அழுத்தினால் போகாது.

கூகுள் மேப்பில் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் இங்கேயே இறக்கிக்கொள். நீ நிற்கிற இடத்தை ஜிபிஎஸ் காட்டும், அதற்கு டேட்டா வேண்டாம். ஆனால் ஆஃப்லைன் மேப்பில் கார் வழி மட்டும்தான் வரும். பஸ், எம்ஆர்டி ரயில் வழியும் நடைவழியும் வராது. ஆகவே நாளைக்கு எந்த ரயில், எங்கே மாறணும் என்று முந்தின ராத்திரியே வைஃபையில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாரு போகும்போது, பாலம் தாண்டுவதற்கு முன்பே மலேசிய நெட்வொர்க் போனில் ஏறிக்கொள்ளலாம். எல்லையில் இது சகஜம். தனுஷ்கோடியில் நிற்கும்போது இலங்கை சிக்னல் எட்டிப்பார்ப்பதை நீயே பார்த்திருக்கலாம். அந்த இடங்களில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' என்பதிலிருந்து எடுத்துவிட்டு, உனக்கு வேண்டியதை நீயே தேர்ந்தெடு. சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம் ஏதாவது போட்டிருந்தால், கப்பலில் ஏறியதும் ஃப்ளைட் மோட். நடுக்கடலில் போன் பிடிப்பது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கை. நாடுகளுக்கான பேக் பொதுவாக அதற்குச் செல்லாது, கட்டணமும் மிக அதிகம்.

வேறு நாடு போகிற உன் சிநேகிதிகளுக்கும் இதைச் சொல். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் தடை. அங்கே அனுமதி பெற்ற பாட்டிம் ஆப்பை வீட்டிலிருப்பவர்கள் போனிலும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம், 2017 ஜூன் 15 முதல் இந்த விதி உண்டு. ஆனால் நம்மவர்கள் தவறாமல் போகிற சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் வாங்கிய சிம்மோடு ரயிலில் ஜெனீவா போகிறவர்கள், அந்த பிளானில் சுவிட்சர்லாந்து என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்மா எண்ணைச் சாக விடாதே

அடுத்த வருஷம் அம்மா அண்ணன் வீட்டுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அமெரிக்கா போகப் போகிறாள். ஆறு மாதம் இருப்பாள். அங்கே ரோமிங் பேக் நினைப்பே வேண்டாம். அண்ணன் தன் பிளானில் ஒரு லைன் சேர்த்துக்கொள்ளட்டும். அம்மாவின் பழைய போனையும் மாற்ற வேண்டும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜி நெட்வொர்க்கை மூடிவிட்டன. அங்கே வோல்ட்இ ஒத்துப்போகாத போனில் அழைப்பு போகாது.

எனக்குக் கவலை இந்திய எண் பற்றித்தான். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கின எண் பிறகு வேறு ஒருவருக்குப் போய்விடும். அம்மாவின் வங்கிக் கணக்கு, ஆதார், பென்ஷன், கேஸ் புக்கிங் எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான் இருக்கின்றன. திரும்பி வந்து ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க இந்த வயதில் அவளால் முடியாது. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும், அது 365 நாள் வரை செல்லலாம் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அந்த மாதிரி நீண்ட நாள் ரீசார்ஜ் ஒன்றைப் போட்டு, ரோமிங்கையும் ஆன் செய்து, சிம்மை அம்மாவின் போனிலேயே இரண்டாவது சிம்மாக வைத்து அனுப்பு. மாதம் ஒருமுறை அந்த எண்ணிலிருந்து வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்.

ஊர் திரும்பினதும் ரோமிங்கை ஆப்பிலேயே நிறுத்திவிட்டு, அந்த மாதத்து பில்லை விவரமாக எடுத்துத் தேதிவாரியாகப் படி. பேக் இருந்த நாளில் தனியாகக் காசு பிடித்திருந்தால் சும்மா கட்டிவிடாதே. முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கு; பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார், 30 நாளுக்குள் அவரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.